பல் விளக்கிக் காட்டச் சொன்னால்: ஓட்டிசம் மதிப்பீட்டில் எதைப் பார்க்கிறோம்?

[காட்சி: வெறும் மேசை. ஒரு கை அதன்மேல் விரலால் வட்டம் போடுகிறது.]

"இது பேசின். இது பைப். இது பிரஷ். எப்படிப் பல் விளக்கிறதெண்டு எனக்குச் சொல்லித்தாங்கோ."

ஓட்டிசம் மதிப்பீட்டில் பல நாடுகளிலும் பாவிக்கும் ஏடொஸ்-2 (ADOS-2) என்ற, பிள்ளையோடு விளையாடிக் கதைத்துப் பார்த்துப் புள்ளி போடும் முறையில் இப்படி ஒரு செயல் உண்டு. மேசையில் பொருள் எதுவும் இருக்காது. பிள்ளை பாவனையாகச் செய்து காட்ட வேண்டும். மூதூர்ப் பக்கத்துப் பிள்ளை ஒன்று பைப்பைத் திறக்கவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளங்கையில் எதையோ கொட்டி, சுட்டுவிரலால் தொட்டு, பல்லில் தேய்த்து, குனிந்து துப்புகிறது. கிணற்றடியில் பற்பொடியோடு நடப்பது அதுதானே. இங்கே கவனிக்க வேண்டியது, சைகை சொல்லோடு சேர்ந்து வருகிறதா, எதிரில் இருப்பவருக்கு விளங்கும்படி காட்டுகிறதா என்பது. பைப்பைத் தேடுகிறவர் பிழையான புள்ளி போடுவார்.

[காட்சி: திருகோணமலை, உள்துறைமுகம். குரல் தொடர்கிறது.]

நரம்பியல் பன்மையை, அதாவது மூளை வேலைசெய்யும் விதம் ஆளுக்காள் வேறுபடும் என்பதை, மதிக்கும் மதிப்பீடு என்றதும், அளவுகோலைத் தளர்த்துவது என்று சிலர் நினைக்கிறார்கள். இல்லை. 2013இல் வந்த டிஎஸ்எம்-5 (DSM-5) என்ற அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோயறிதல் கையேடு கேட்பது அப்படியே இருக்கும்: சமூகத் தொடர்பாடலில் 3 அம்சங்களும் வேண்டும், திரும்பத் திரும்பச் செய்தல், மாற்றத்தைத் தாங்க முடியாமை, ஆழ்ந்த ஈடுபாடு, புலனுணர்வு வேறுபாடு என்ற 4இல் குறைந்தது 2 வேண்டும். இவை சிறுவயதிலேயே தொடங்கியிருக்க வேண்டும், அன்றாட வாழ்வைப் பாதிக்கவும் வேண்டும். மாறுவது ஆதாரம் சேர்க்கும் விதம்.

முதலில் அறை. வெருகலில் விடிய முதல் பஸ் ஏறிய பிள்ளை, இலக்கம் கூப்பிடும் சத்தத்துக்குள் மூன்று மணித்தியாலம் காத்திருந்துவிட்டு உள்ளே வந்தால், நீங்கள் அளப்பது களைப்பைத்தான். தூரத்தில் இருந்து வருகிறவர்களுக்கு நேரம் குறித்துக் கொடுங்கள். வாசல், அறை, உங்கள் முகம் மூன்றையும் படமெடுத்து முதல் நாளே அம்மாவின் வட்ஸ்அப்புக்கு அனுப்புங்கள். மினுக்கும் டியூப் லைட்டை அணையுங்கள். கை உதறினால் தடுக்க வேண்டாம், எப்போது உதறுகிறது என்று குறியுங்கள். ஒன்று கவனம்: அறையை மாற்றலாம், ஏடொஸ் செயல்களை இடையில் உங்கள் விருப்பத்துக்கு மாற்றினால் புள்ளிக் கணக்கு செல்லாது. செயல்கள் முடிய 40 முதல் 60 நிமிடம் பிடிக்கும். மற்றக் கதை எல்லாம் அதற்குப் பிறகு. அந்தப் புள்ளியும் தனியே ஒரு முடிவல்ல. வளர்ச்சி வரலாறு, வீட்டிலும் முன்பள்ளியிலும் பிள்ளை எப்படி, கேள்திறன் பரிசோதனை எல்லாம் சேர வேண்டும்.

பெயர் சொல்லிக் கூப்பிடும்போது திரும்புகிறதா என்று பார்ப்போம். எந்தப் பெயர்? பதிவுப் பெயர் கிளினிக் கொப்பியில் மட்டும் இருக்கும். வீட்டில் அது 'குஞ்சு', 'தம்பி'. அம்மம்மாவிடம் கேட்டுவிட்டுக் கூப்பிடுங்கள்.

கண் பார்ப்பதும் அப்படித்தான். பெரியவர் கதைக்கும்போது நிலத்தைப் பார்ப்பதை மரியாதை என்று பழக்கிய வீடுகள் நம்மிடம் நிறைய. நாடியைப் பிடித்துத் திருப்பி எடுக்கும் பார்வைக்கு மதிப்பீட்டில் பெறுமதி இல்லை, பிள்ளைக்கும் வேதனை.

[காட்சி: கறுப்புத் திரையில் இரண்டே சொற்கள்: "தண்ணி வேணுமா?"]

இது எங்கள் பக்கத்தில் அடிக்கடி நழுவும் இடம். மதிப்பீட்டாளருக்குத் தமிழ் தெரியாது, பக்கத்தில் ஒருவர் மொழிபெயர்க்கிறார். பிள்ளை போத்தலைப் பார்த்து "தண்ணி வேணுமா?" என்கிறது. மொழிபெயர்ப்பவர் நல்ல மனதோடு, "தண்ணி கேட்கிறார்" என்று சொல்லிவிடுகிறார். கருத்துச் சரி. ஆனால் அம்மா தினமும் கேட்கும் கேள்வியையே பிள்ளை தன் தேவைக்குப் பாவித்தது அந்த மொழிபெயர்ப்பில் காணாமல் போய்விட்டது. கேட்ட வசனத்தை எடுத்துச் சொல்வது மதிப்பீட்டில் முக்கியமான அடையாளம். அது அர்த்தமில்லாத கிளிப்பேச்சும் இல்லை, அந்தப் பிள்ளை மொழியைக் கையாளும் வழி. ஆகவே மொழிபெயர்ப்பவரிடம் தொடங்கும் முன்பே சொல்லுங்கள்: திருத்த வேண்டாம், சொன்ன சொல் சொன்னபடி. தமிழ் எழுத்திலேயே குறித்து வைப்பது இன்னும் நல்லது.

பதின்ம வயதுப் பெண்பிள்ளைகளில் சிக்கல் வேறு. பள்ளிக்கூடத்தில் "நல்ல அமைதியான பிள்ளை". வீட்டுக்கு வந்தால் யூனிபோமும் மாற்றாமல் இருட்டறையில் இரண்டு மணித்தியாலம். கற்றுக்கொண்ட உத்திகளால் அடையாளங்கள் மறையலாம் என்று டிஎஸ்எம்-5 தானே சொல்கிறது. எனவே "நண்பர்கள் இருக்கிறார்களா?" என்று மட்டும் கேட்டு நிறுத்தாதீர்கள். "கதைக்க வேண்டியதை முதலே மனதுக்குள் சொல்லிப் பார்ப்பீங்களா? யாரைப் பார்த்துப் பழகினீங்கள்? பிறகு எவ்வளவு களைப்பு?" இதையும் கேளுங்கள்.

[காட்சி: அறிக்கைத் தாள். ஒரு வரி அடிக்கப்பட்டு, கீழே புதிய வரி எழுதப்படுகிறது.]

"கண் தொடர்பு குறைவு" என்று மட்டும் எழுதினால் ஆசிரியருக்கு அதில் பிடிக்க ஒன்றும் இல்லை. "கதை கேட்கும்போது யன்னலைப் பார்த்தார், பிறகு கேட்ட 4 கேள்விகளில் 3க்குச் சரியாகப் பதில் சொன்னார்" என்றால், "என்னைப் பார்!" என்று அதட்டத் தேவையில்லை என்பது அவருக்கே விளங்கும்.

இதற்கு எதிர்ப்பக்கப் பிழையும் நடக்கிறது. பெற்றோர் மனம் நோகக்கூடாது என்று எல்லாவற்றையும் பஞ்சில் சுற்றி எழுதுவது. பிள்ளை பாதையில் வாகனம் பாராமல் ஓடுகிறது என்றால், தன் கையைத் தானே கடிக்கிறது என்றால், அதை மறைக்காதீர்கள். கிழமைக்கு எத்தனை தடவை, அதற்கு முன் என்ன நடந்தது, எது தணித்தது என்று எழுதுங்கள். உதவி ஆளோ, பாடசாலையில் அமைதியான ஓர் இடமோ கேட்கப் போகும் அம்மாவின் கையில் இருக்கப்போவது அந்த ஒரு தாள்தான்.