அண்ணா என்றால் யார்?

வணக்கம். ஒருவரை அகதி என்று அதிகாரிகள் எப்படி முடிவு செய்கிறார்கள் என்று வானொலியில் பேசச் சொன்னார்கள். நான் வக்கீல் இல்லை. இருபத்தைந்து வருஷமாகச் சென்னையில் உட்கார்ந்து தமிழ்க் காகிதங்களை இங்கிலீஷில் எழுதித் தருகிறவன். அதில் பாதி கனடாவுக்குப் போகும். அதனால் கனடாவை வைத்தே சொல்கிறேன்.

அங்கே இரண்டு வழி. இனம், மதம், நாட்டுரிமை, அரசியல் கருத்து, ஏதோ ஒரு சமூகக் குழு என்ற காரணத்துக்காகச் சொந்த நாட்டில் கொடுமைக்கு ஆளாவோம் என்ற நியாயமான அச்சம் இருந்தால் அகதி. இந்த ஐந்தில் எதிலும் அடங்காவிட்டாலும், திரும்பிப் போனால் சித்திரவதை, உயிராபத்து என்று காட்ட முடிந்தால் அதற்கும் பாதுகாப்பு உண்டு. ஆனால் சாட்சிக்கு எங்கே போவது? அடித்தவன் ரசீது கொடுத்துவிட்டா அடிப்பான்? அதனால் சத்தியம் செய்து சொன்னதை, சந்தேகிக்கக் காரணம் இல்லாதவரை, உண்மை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அங்கத்திய நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

சந்தேகிக்கக் காரணம் இல்லாதவரை. இந்த வாலில்தான் எல்லாம் தொங்குகிறது. விமான நிலையத்தில் அதிகாரி எழுதிக்கொண்ட குறிப்பு, பிறகு நிரப்பிக் கொடுத்த படிவம், விசாரணையில் வாயால் சொன்னது, மூன்றையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

வளசரவாக்கத்தில் ஓர் அம்மா, யாழ்ப்பாணத்துக்காரர். மகள் டொராண்டோவில் விண்ணப்பித்திருந்தாள். "அண்ணாவை ஆமி பிடிச்சுக்கொண்டு போனது" என்று, அதாவது ராணுவம் பிடித்துப் போனது என்று, முதல் நாள் சொல்லியிருக்கிறாள். மொழிபெயர்த்தவர் 'பிரதர்' என்று போட்டுவிட்டார். குடும்ப விவரத்திலோ மூன்று பெண்கள், ஆண்பிள்ளையே கிடையாது. இல்லாத அண்ணனை யார் பிடித்துப் போனார்கள் என்று கேள்வி. பிடிபட்டவன் பெரியப்பா மகன்! பெரியப்பா மகனை நாம் வேறு என்னவென்று கூப்பிடுவோம்? இப்போது சென்னைப் பிள்ளைகள் கசின் என்கிறார்கள். எனக்குப் பிடிக்காத சொல், ஆனால் அன்றைக்கு அது இருந்திருக்கலாம் என்று தோன்றியது. நம் உறவுமுறையை விளக்கி ஒரு பக்கம் எழுதி, நோட்டரி முத்திரை வாங்கி அனுப்பினேன். அவளுக்குப் பாதுகாப்புக் கிடைத்தது. என் ஒரு பக்கத்தால்தான் என்று சொல்ல மாட்டேன். அந்த அம்மா பயத்தம் பணியாரம் கொண்டுவந்து கொடுத்தார்.

தேதி இன்னும் மோசம். இதில் நானே தப்புச் செய்திருக்கிறேன். 'ஆவணி 10' என்று ஒரு கடிதத்தில் இருந்தது. நம்மூர்ப் பஞ்சாங்கப்படி ஆகஸ்டு 26 என்று எழுதிவிட்டேன். யாழ்ப்பாணத்தில் ஆகஸ்டு மாதத்தையேதான் ஆவணி என்பார்கள். தை என்றால் ஜனவரி, பங்குனி என்றால் மார்ச். கடிதம் எழுதியவர் சொன்னது ஆகஸ்டு 10. பதினாறு நாள் வித்தியாசம், இரண்டும் நல்ல தமிழ்! வாசிக்கிற அதிகாரிக்கு அது பொய்யாகத் தெரியும். நல்லவேளை, அனுப்புமுன் கண்டுபிடித்தோம்.

இன்னொன்று, ஊரை விட்டு வேறு ஊருக்குப் போய் இருந்திருக்கலாமே, கொழும்புக்குப் போயிருக்கலாமே என்பார்கள். 1993-இல் ஓர் ஈழத்தமிழர் வழக்கில்தான் கனடாவின் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது: மாற்றிடம் என்றால் நிஜமாகவே போய் வாழக்கூடிய இடமாக இருக்க வேண்டும், மலைக்குகையிலும் காட்டிலும் ஒளிந்திரு என்று சொல்ல முடியாது.

நம் ஊரில் உள்ள இலங்கை அகதி முகாம்களைப் பற்றித்தான் நிறையக் குறித்து வைத்திருந்தேன். அதற்குள் நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரலைக் காட்டுகிறார்கள். சுருக்கமாக: 1951 அகதி உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை, அதை விரிவாக்கிய 1967 நெறிமுறையிலும் இல்லை. கும்மிடிப்பூண்டி முகாமில் இருப்பவருக்கு நான் சொன்ன மாதிரி விசாரணையே கிடையாது. அரசு பதிவு செய்கிறது, அவ்வளவுதான்.

வெளிநாட்டில் உங்கள் சொந்தக்காரர் யாராவது இந்தப் படிவம் நிரப்பினால், கையெழுத்துப் போடுமுன் எழுதியதைத் தமிழில் திரும்ப வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். முக்கியமாக அண்ணா, அக்கா, ஆவணி வருகிற இடங்களை. வணக்கம்.