காந்தம் அசைய வேண்டுமா, கம்பிச்சுருள் அசைய வேண்டுமா?

நேயர்களுக்கு என் வணக்கம்.

பரணிலிருந்து பழைய இசைத்தட்டுகளை இறக்கித் துடைத்து வைத்துவிட்டு, புதிதாக ஒரு டர்ன்டேபிள் வாங்க முனைகிற நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி கார்ட்ரிட்ஜைப் பற்றியது. மூவிங் மேக்னட் வாங்குவதா, மூவிங் காயில் வாங்குவதா என்று கேட்பார்கள். கேட்பவர்களில் பலர் விடையையும் கையோடு கொண்டுவந்துவிடுகிறார்கள். மூவிங் காயில்தான் உயர்ந்த சாதி, வசதி உள்ளவர்கள் அதைத்தான் வாங்குவார்கள் என்று கடைக்காரரோ விவரம் தெரிந்த உறவினரோ அவர்களிடம் முன்பே சொல்லியிருப்பார். அந்தச் சொல்லில் உண்மையே இல்லை என்று நான் வாதிட மாட்டேன். ஆயினும் நம் வீடுகளில் உள்ள தட்டுகளையும், நம் ஊர்த் தூசியையும், நமக்குக் கிடைக்கிற பழுதுபார்ப்பு வசதியையும் கணக்கில் வைத்துப் பார்த்தால், நம்மில் பெரும்பாலோருக்கு மூவிங் மேக்னட்டே ஏற்றது என்பது என் உறுதியான கருத்து.

முதலில் இவ்விரண்டும் என்ன செய்கின்றன என்பதைப் படம் எதுவும் இல்லாமல் சொல்லிவிடுகிறேன். தட்டின் மேல் நகர்ந்துபோகும் கையான டோன் ஆர்மின் நுனியில் இரண்டு சிறு திருகாணிகளால் பொருத்தப்பட்டிருக்கும் பெட்டிதான் கார்ட்ரிட்ஜ். அதன் அடியில் மெல்லிய தண்டு ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். தண்டின் முனையில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு வைரத் துணுக்கு இருக்கும். அதைத்தான் நாம் முள் என்கிறோம். தட்டின் வரிப்பள்ளம் வளைகிறபடியெல்லாம் முள் ஆட, தண்டின் மறுமுனையும் பெட்டிக்குள் ஆடுகிறது. அந்த மறுமுனையில் சிறு காந்தம் ஒட்டப்பட்டு, அதைச் சுற்றிக் கம்பிச்சுருள்கள் அசையாமல் நின்றால் அது மூவிங் மேக்னட். மறுமுனையில் தலைமுடியைவிட மெல்லிய கம்பியால் சுற்றிய சுருள்கள் இருந்து, காந்தம் அசையாமல் நின்றால் அது மூவிங் காயில். பழைய சைக்கிள்களின் சக்கரத்தை உரசிக்கொண்டு விளக்கெரித்த டைனமோவை நினைவுவைத்திருப்பவர்களுக்கு இது எளிதில் விளங்கும். அந்த டைனமோவுக்குள்ளும் சுழன்றது காந்தம்தான், சுருள் நின்ற இடத்திலேயே நின்றது.

நிற்கிற சுருளை எவ்வளவு கனமாக வேண்டுமானாலும் சுற்றலாம். ஆகவே மூவிங் மேக்னட்டில் மின்னழுத்தம் தாராளமாகக் கிடைக்கிறது. டென்மார்க்கின் ஆர்ட்டோஃபான் நிறுவனத்தின் 2எம் ரெட் 5.5 மில்லிவோல்ட் தருகிறது. ஆடுகிற சுருளோ இலேசாக இருந்தாக வேண்டும். சில சுற்றுகளுக்கு மேல் சுற்ற முடியாது. எனவே வழக்கமான மூவிங் காயில் 0.2 முதல் 0.5 மில்லிவோல்ட் வரையே தரும். அந்த இலேசான தன்மையால் உயர்ந்த ஒலிகளை அது நுட்பமாகத் தொடர முடிகிறது என்பதும், நீளமான கேபிளின் மின்தன்மையால் அதன் ஒலி அதிகம் மாறுவதில்லை என்பதும் அதற்குள்ள பெருமை. இந்தப் பெருமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. சுருதிப்பெட்டியின் ரீங்காரத்துக்கு மேலே வயலினின் வில் கம்பியைத் தொடும் அந்த முதல் உரசலை, நல்ல மூவிங் காயிலில் கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள்.

வானொலியில் பேசக் கிடைத்த வாய்ப்பை விட்டுவிடாமல், எனக்கு மிகவும் பிடித்த ஒரு கார்ட்ரிட்ஜின் கதையை இங்கே சொல்லிவிட வேண்டும். அது வானொலிக்காகவே பிறந்தது. ஜப்பானின் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்.ஹெச்.கே.யும் டெனான் நிறுவனமும் கூடி, 1960களின் முற்பகுதியில் டிஎல்-103 என்ற மூவிங் காயிலை உருவாக்கின. ஒலிபரப்பு நிலையத்தின் தேவை வீட்டுத் தேவையைப் போன்றதன்று. ஒரு நிலையத்தில் ஒலிக்கிற தட்டு மற்றொரு நிலையத்திலும் அதேபோல ஒலிக்க வேண்டும். இன்று வாங்கிய கார்ட்ரிட்ஜும் அடுத்த ஆண்டு வாங்குவதும் ஒரே குணத்தோடு இருக்க வேண்டும். நாள் முழுவதும் பலர் கைபட்டாலும் தாங்க வேண்டும். அதற்காக அதன் முள்ளை மிக எளிய வடிவமான கூம்பு முனையாகவே வைத்தார்கள். 2.5 கிராம் அழுத்தத்தில், பள்ளத்தில் நங்கூரம் பாய்ச்சியதுபோல் அது உட்காரும். தண்டைத் தாங்குகிற ரப்பர் விறைப்பானது. இலேசான டோன் ஆர்ம்கள் அதற்கு உதவா. வெளிவருகிற மின்னழுத்தம் 0.3 மில்லிவோல்ட்தான். இவ்வளவு பழைய வடிவமைப்பு இன்றும் தயாரிப்பில் இருக்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள். அதன் நடு ஒலிகள் அத்தனை நிறைவானவை. ஆண்குரலோ நாகஸ்வரமோ அதில் ஒலிக்கும்போது, கலைஞர் நம் அறைக்குள் உட்கார்ந்திருப்பது போன்ற திண்மை வரும்.

ஆனால், நேயர்களே, அதே டிஎல்-103ஐ வைத்துத்தான் என் வாதத்தையும் நிறுவப்போகிறேன். அந்தக் கூம்பு முனையின் ஆரம் ஏறத்தாழ 16 மைக்ரான்; மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. முப்பது சென்டிமீட்டர் தட்டு ஒன்று நிமிடத்துக்கு 33⅓ முறை சுழலும்போது, வெளி விளிம்பில் முள்ளுக்கடியில் நொடிக்குச் சுமார் 50 சென்டிமீட்டர் பள்ளம் கடந்துபோகிறது. தட்டின் நடுவை நெருங்கி, கடைசிப் பாட்டு ஓடுகிற இடத்தில் அது 20 சென்டிமீட்டர் அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. அதே ஒரு நொடி ஒலியை, பாதியைவிடக் குறைவான நீளத்துக்குள் அடைத்தாக வேண்டும். நொடிக்குப் பத்தாயிரம் அதிர்வுகள் கொண்ட ஓர் ஒலி, உட்பகுதியில் 20 மைக்ரான் நீளமுள்ள அலையாகப் பதிந்திருக்கிறது. 20 மைக்ரான் அலையின் நெளிவுக்குள் 16 மைக்ரான் ஆரமுள்ள உருண்டை முனை எப்படி நுழையும்? நுழையாது, மேலே தட்டிக்கொண்டு போகும். அதனால்தான் பல தட்டுகளில், பக்கத்தின் கடைசிப் பாட்டில் பாடகியின் ‘ச’வும் ‘ஸ’வும் துப்புவதுபோல் சிதறுகின்றன. தட்டு தேய்ந்துவிட்டது என்று பலர் அதை ஒதுக்கிவிடுகிறார்கள். தேய்ந்தும் இருக்கலாம்; பாதி நேரம் முள்ளின் வடிவமே காரணம்.

நான் எங்கே பேசக் கிடைத்தாலும் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்: காந்தமா காயிலா என்று கேட்பதற்கு முன் முனை என்ன வடிவம் என்று கேளுங்கள். நீள்வட்ட முனையின் பக்க ஆரம் 8 மைக்ரான்வரை குறைகிறது. மைக்ரோலைன் என்னும் வகையில் 3 மைக்ரான் அளவுக்கு இறங்குகிறது. ஷிபாட்டா என்னும் வடிவம் 1970களில் நான்கு தடத் தட்டுகளுக்காக ஜப்பானில் பிறந்தது. 30,000 அதிர்வுகளில் பதித்த துணைத் தடத்தை எடுக்க வேண்டியிருந்ததால் அந்தக் கூர்மை தேவைப்பட்டது. நான்கு தடத் தட்டுகள் மறைந்துபோயின, முள் மட்டும் நிலைத்துவிட்டது. மைக்ரோலைன் முனையுள்ள சாதாரண மூவிங் மேக்னட் ஒன்று, கூம்பு முனையுள்ள விலையுயர்ந்த மூவிங் காயிலைவிடக் கடைசிப் பாட்டைத் தெளிவாகப் பாடும். இதை நம்பாதவர்களை என் வீட்டில் உட்காரவைத்துக் கேட்கச் செய்திருக்கிறேன். பெயரை மறைத்துவிட்டு இரண்டையும் ஓட்டினால், காயிலின் பக்கம் நின்றவர்களே மேக்னட்டைச் சுட்டிக்காட்டுகிறார்கள்.

இந்த இடத்தில்தான் மூவிங் மேக்னட்டின் பெரிய வசதி வருகிறது. அதன் முள் பகுதியைப் பெட்டியிலிருந்து கையாலேயே உருவிவிட்டு வேறொன்றைச் செருகலாம். ஆடியோ-டெக்னிகாவின் விஎம்95 வரிசையில் பெட்டி ஒன்றுதான். கூம்பு, நீள்வட்டம், மைக்ரோலைன், ஷிபாட்டா என்று ஆறு வகை முட்கள் அதற்கு உண்டு. அவற்றுள் ஒன்று நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய தட்டுகளுக்கானது. நம் நாட்டில் 78 சுழற்சி அரக்குத் தட்டுகள் 1960களின் இறுதிவரை வந்துகொண்டிருந்தன. கல்கத்தாவின் டம்டம் தொழிற்சாலையில் அச்சான அத்தகைய தட்டுகள் தாத்தா காலத்துப் பெட்டிகளில் இன்னும் இருக்கின்றன. அவற்றின் பள்ளம் அகலமானது. எல்.பி. எனப்படும் 33⅓ சுழற்சித் தட்டுக்கான முள்ளை அதில் வைத்தால், அடியில் கிடக்கிற குப்பையை வருடிக்கொண்டு ஓடும், பாட்டைவிட இரைச்சலே மிகும். காலையில் 78 தட்டு, மாலையில் எல்.பி. என்று கேட்கிறவருக்கு, அரை நிமிடத்தில் முள்ளை மாற்றிக்கொள்ள முடிவதைப் போன்ற வசதி வேறு கிடையாது. உங்கள் டர்ன்டேபிளில் 78 வேகம் உள்ளதா என்பதை மட்டும் வாங்குமுன் பார்த்துக்கொள்ளுங்கள். புதியவற்றில் பலவற்றில் அது இல்லை.

மூவிங் காயிலில் முள் தேய்ந்தாலோ தண்டு வளைந்தாலோ பெட்டி முழுவதையும் வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டும், அல்லது பழையதைக் கொடுத்துக் கழிவு விலையில் புதியதை வாங்க வேண்டும். வைர முனையின் ஆயுள் வடிவத்துக்கேற்ப 300 முதல் 1000 மணி நேரம். தினமும் இரண்டு தட்டுகள் கேட்கிற வீட்டில் அது விரைவில் முடிந்துவிடும். ஆயுள் முடிவதற்கு முன்பே நம் ஊர்த் தூசி தன் வேலையைக் காட்டும். ஒரு பக்கம் ஓடி முடிந்ததும் நகைக்கடைக்காரர் வைத்திருக்கும் பூதக்கண்ணாடியால் முள்ளைப் பாருங்கள். வைரத்தையே மறைத்துக்கொண்டு சாம்பல் நிறத்தில் பஞ்சு ஒன்று சுருண்டு ஒட்டியிருக்கும். அதைச் சிறு தூரிகையால் பின்னாலிருந்து முன்னால் தடவி எடுக்க வேண்டும். வேலைக்கு வரும் அம்மா, தூசி தட்டுகிற துணியைப் பக்கவாட்டில் ஒரு முறை வீசினால் போதும், தண்டு போய்விடும். அப்போது மேக்னட்காரர் சில ஆயிரம் ரூபாய்க்கு முள் வாங்குவார்; காயில்காரர் பல ஆயிரங்களோடு பல மாதங்களையும் இழப்பார்.

எதிர்க்கட்சிக்கும் நியாயம் செய்ய வேண்டும். முள் மாற்றும் வசதி, முள் கிடைக்கிறவரைதான். ஸ்டீரியோ தட்டுகள் கடைக்கு வந்த 1958ஆம் ஆண்டிலேயே எம்3டி என்னும் ஸ்டீரியோ மூவிங் மேக்னட்டை வெளியிட்ட அமெரிக்காவின் ஷூர் நிறுவனம், 2018இல் கார்ட்ரிட்ஜ் தயாரிப்பையே நிறுத்திவிட்டது. நல்ல வேளையாக ஜப்பானின் ஜிகோ போன்றவர்கள் அவற்றுக்கு முட்கள் செய்கிறார்கள். ஆகவே பழைய கார்ட்ரிட்ஜ் கைக்கு வந்தால், முள் கிடைக்குமா என்று விசாரித்த பிறகே விலை பேசுங்கள்.

எனக்கு ஒதுக்கிய நேரம் முடியப்போகிறது. ஆம்ப்ளிஃபயரைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்ததைச் சுருக்கித்தான் ஆக வேண்டும். மேக்னட்டின் மின்னழுத்தத்தை ஏறத்தாழ 100 மடங்கு பெருக்கினால் போதும். காயிலுக்கு 1000 மடங்கு வேண்டும். இந்தப் பெருக்கலைச் செய்கிற ஃபோனோ ஸ்டேஜ், தட்டில் அடக்கிப் பதித்த தாழ்ந்த ஒலிகளைக் கூடுதலாகத் தூக்குவதால், 50 ஹெர்ட்ஸ் மின்சார இரைச்சலும் நடு ஒலிகளைவிட ஏழு மடங்கு தூக்கப்படுகிறது. எர்த் சரியில்லாத வீட்டில் காயிலை வைத்தால் ஆலாபனைக்கு அடியில் ‘ம்ம்’ என்று ஒரு சுருதி சேர்ந்துவிடும். எனவே காயில் வாங்குகிறவர்கள் முதலில் வீட்டு எர்த்தைச் சோதித்துவிட்டு, பிறகு நல்ல ஃபோனோ ஸ்டேஜுக்குப் பணம் ஒதுக்குங்கள். மிச்சம் இருந்தால் கார்ட்ரிட்ஜ். காயிலின் மின்னழுத்தத்தை உயர்த்த ஸ்டெப்-அப் டிரான்ஸ்ஃபார்மர் வைப்பவர்கள், ஒன்றுக்குப் பத்து விகிதம் என்றால் ஃபோனோ ஸ்டேஜின் வழக்கமான 47 கிலோ ஓம் மின்தடை, கார்ட்ரிட்ஜுக்கு 470 ஓமாகத் தெரியும் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். மேக்னட் வைத்திருப்பவர்கள் கேபிளும் ஃபோனோ ஸ்டேஜும் சேர்ந்த கெப்பாசிட்டன்ஸை, அதாவது மின்தேக்குதிறனை, கார்ட்ரிட்ஜின் கையேட்டில் சொன்ன அளவுக்குள் வைத்திருங்கள். அது பொதுவாக 100 முதல் 300 பிக்கோஃபாரட். டோன் ஆர்மின் எடைப் பொருத்தத்தைப் பற்றிப் பேச இன்று இயலவில்லை; டிஎல்-103 போன்ற விறைப்பான காயிலைக் கனமான டோன் ஆர்மில் மட்டுமே மாட்டுங்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.