முதலில் வந்தது தபால் மூட்டை

வணக்கம், நேயர்களே. தாம்பரம் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து போனவர்களுக்குத் தெரியும். திரிசூலம் பக்கம் விமானம் இறங்குவது தென்பட்டால், செல்போனில் மூழ்கியிருப்பவர்கூட ஒரு நொடி நிமிர்ந்து பார்ப்பார். அந்த மீனம்பாக்கம் விமான நிலையத்தின் ஆரம்ப நாட்களைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

சென்னைக்கு ஒழுங்காக விமானம் வரத் தொடங்கியது ஆட்களை ஏற்றிவர அல்ல, கடிதங்களைக் கொண்டுவர. இதை நான் சொல்லிச் சொல்லி வீட்டில் சலித்துவிட்டார்கள். நீங்களும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வேடிக்கை காட்டப் பறந்தவர்கள் முன்பே உண்டு. மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திய டி'ஏஞ்சலிஸ், சிம்ப்சன் கம்பெனியில் செய்த விமானத்தை 1910இல் பல்லாவரத்தில் பறக்கவிட்டார். ஹோட்டல்காரர் விமானம் ஓட்டினால் ஊர் திரளாதா? ஆனால் அது வேடிக்கையோடு நின்றுவிட்டது.

தபாலுக்கு வருகிறேன். லண்டன் தபால் விமானத்தில் கராச்சி வரை வந்துவிடும். அதற்கு இந்தப் பக்கம்? நெவில் வின்சென்ட் என்ற விமானி அதற்கு ஒரு திட்டத்தோடு டாடாவிடம் வந்தார். அரசாங்கம் மானியம் தரவில்லை, இழுத்தடித்தது. கடைசியில் 1932 அக்டோபர் 15 அன்று கராச்சியிலிருந்து ஜே.ஆர்.டி. டாடாவே விமானத்தைக் கிளப்பினார். புஸ் மாத் என்கிற சின்ன விமானம். ஒரே எஞ்சின். ஆள் உட்காரும் இடத்தில் தபால் மூட்டை. ரேடியோ கிடையாது. வானொலியில் உட்கார்ந்துகொண்டு இதைச் சொல்லும்போது எனக்கே சிரிப்பு வருகிறது.

வழியில் அகமதாபாத்தில் பெட்ரோல் போட வேண்டும். பெட்ரோல் எதில் வந்தது தெரியுமா? மாட்டுவண்டியில்! டின் டின்னாக. வானத்தில் வந்த விமானம், மாடு அசைந்து அசைந்து வந்து சேரும் பெட்ரோலில்தான் மேற்கொண்டு கிளம்பியது. எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காத காட்சி இது. பம்பாய் ஜூஹுவிலிருந்து வின்சென்ட் ஓட்டினார், பெல்லாரி வழியாகச் சென்னைக்கு. ஆக, வந்து இறங்கியது தபால் மூட்டை. சொன்னேன் அல்லவா!

அன்றைக்கு விமானம் இறங்கத் தேவைப்பட்டது ஒரு நல்ல மைதானம், அவ்வளவுதான். லேசான விமானம், காற்றுக்கு எதிராகத்தான் இறங்க வேண்டும். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று கம்பத்தில் கட்டிய துணிப்பை காட்டும். எந்தப் பக்கமாகவும் இறங்க வசதியாகத் தரை நாலாபுறமும் திறந்திருக்க வேண்டும். மழையில் சேறாகக் கூடாது. ஜூஹு அப்படித்தான் சேறாகி, மழைக்காலத்தில் டாடா விமானங்கள் பூனாவுக்கு மாறின. நம் மீனம்பாக்கத்துக்குப் பக்கத்தில் பரங்கிமலை. மேலே வருகிறவருக்கு இதைவிட என்ன அடையாளம் வேண்டும்? பனிமூட்டத்தில் அதே மலை பயமுறுத்தவும் செய்யும், அது வேறு கதை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரலைக் காட்டுகிறார்கள், ஒரு நிமிடமாம். யுத்த காலம், காமராஜர், அண்ணா பெயரிலான முனையங்கள் எல்லாம் குறிப்பில் இருக்கின்றன. போகட்டும். ஒன்று மட்டும். 1982இல், அந்த முதல் பயணத்தின் ஐம்பதாவது ஆண்டில், ஜே.ஆர்.டி. மறுபடியும் ஒரு சின்ன விமானத்தைக் கராச்சியிலிருந்து பம்பாய்க்கு ஓட்டிவந்தார். அப்போது அவருக்கு வயது 78. வணக்கம்.