முத்திரை அழிந்த கடிதங்கள்

வணக்கம் நேயர்களே.

தோட்டத்து லயத்தில் வளர்ந்தவர்களுக்கு இது தெரிந்த கதைதான். எங்கள் வீட்டுக்கென்று தனி விலாசம் கிடையாது. கடிதம் தோட்டத்து ஆபீசுக்கு வரும். அங்கிருந்து கைமாறிக் கைமாறி லயத்துக்கு வரும். எனக்கு வந்த ஒரு நேர்முகத் தேர்வுக் கடிதம், தேர்வு முடிந்து ஒன்பதாம் நாள்தான் கைக்குக் கிடைத்தது. மழையில் நனைந்து தபால் முத்திரை கரைந்திருந்தது. எந்த ஊரில் போட்டார்கள் என்றே தெரியவில்லை. விண்வெளியிலிருந்து பாய்ந்து வரும் அணுக்கருக்களான அண்டக் கதிர்களைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் அந்த உறைதான் ஞாபகம் வருகிறது.

உள்ளங்கையை விரித்துப் பிடியுங்கள். செக்கனுக்கு ஒன்றாவது மியூவான் என்ற நுண்துகள் அதைத் துளைத்துக்கொண்டு போகிறது. அந்த அண்டக் கதிர்கள் உயரே காற்றில் மோதிச் சிதறும்போது பிறப்பவை இவை. மலையில் இருப்பதால் கொழும்பை விட நமக்குக் கொஞ்சம் கூடவே கிடைக்கும்.

சக்தி குறைந்த அண்டக் கதிர்களைப் பூமியின் காந்தப் புலமே திருப்பி அனுப்பிவிடும். ஆனால் 1991இல் அமெரிக்காவின் யூட்டாவில் பதிவான ஒரு துகளை அதனால் அசைக்க முடியவில்லை. அந்த ஒற்றைத் துகளில், மணிக்கு 90 கிலோமீற்றர் வேகத்தில் வரும் கிரிக்கெட் பந்தின் சக்தி இருந்தது.

அப்படியானால் அது புறப்பட்ட இடத்திலிருந்து நேர்கோட்டில்தானே வந்திருக்கும்? அங்கேதான் சிக்கல். பால்வீதிகளுக்கு நடுவே உள்ள வெளியிலும் காந்தப் புலம் இருக்கிறது. நம் ஊரில் திசைகாட்டி முள்ளைத் திருப்பும் புலத்தை விட 40 கோடி மடங்காவது பலவீனமானது. ஆனால் துகள் கடந்து வரும் தூரமோ கோடிக்கணக்கான ஒளியாண்டுகள். புலத்தின் திசையும் இடத்துக்கு இடம் மாறும். பனி மூடிய மலையில் தேயிலை நெரைக்குள் இறங்கும் ஒருவரை ஒரு செடி இந்தப் பக்கம் தள்ளும், அடுத்தது அந்தப் பக்கம் தள்ளும். கீழே வந்து சேரும்போது நினைத்த இடத்தில் நிற்கமாட்டார். துகளும் அப்படித்தான்.

அந்தப் புலம் இருக்கக்கூடிய அளவில் உச்சத்தையே எடுத்துக்கொண்டால், மிக உயர்ந்த சக்தியுள்ள ஒரு புரோத்தன், அதாவது மிக இலேசான அணுக்கரு, 30 கோடி ஒளியாண்டு வருவதற்குள் இரண்டு மூன்று பாகை விலகும். வானில் ஐந்து முழு நிலவை வரிசையாக வைத்த அகலம் அது. அதே சக்தியுள்ள இரும்பின் அணுக்கருவுக்கு மின்னேற்றம் 26 மடங்கு. விலகலும் 26 மடங்கு. அப்புறம் எந்தப் பக்கம் பார்த்து விலாசம் தேடுவது? வளைந்த பாதை நீளமானது என்பதால் தாமதமும் உண்டு. அதே இடத்தில் அதே நேரம் புறப்பட்ட ஒளி வந்து இலட்சம் ஆண்டுக்குப் பிறகுகூடத் துகள் வரலாம். அனுப்பியது எதுவோ, அது அதற்குள் அணைந்தே போயிருக்கலாம்.

2021இல் யூட்டாவில் பெருஞ்சக்தியுள்ள இன்னொரு துகள் பிடிபட்டது. ஜப்பானியச் சூரிய தேவதையின் பெயரால் அதை அமதெராசு என்கிறார்கள். வந்த திசையைப் பின்னோக்கிப் பார்த்தால், பால்வீதிகள் அரிதான வெற்றிடம்! காந்தப் புலம் நினைத்ததை விட அதிகமாக வளைத்திருக்கலாம், அல்லது அது பாரமான அணுக்கருவாக இருந்திருக்கலாம்.

இதைப் பிரித்தறியத்தான் ஆர்ஜென்டினாவின் பியர் ஓஜே ஆய்வகத்தில் வேலை நடக்கிறது. அங்கே 3000 சதுர கிலோமீற்றர் பரப்பில் துகள்களைப் பிடிக்கும் 1600க்கு மேற்பட்ட தண்ணீர்த் தொட்டிகள் நிற்கின்றன. ஒவ்வொன்றிலும் 12,000 லீற்றர். இப்போது அந்தத் தொட்டிகளின் தலைமேல் புதிய உணர்பலகைகளைப் பொருத்தியிருக்கிறார்கள், வந்து விழுந்தது புரோத்தனா, இரும்பா என்று கேட்பதற்கு.