பசி வந்தால் பத்தும் பறக்குமா?

விழாத் தலைவர் அவர்களே, வலயக் கல்விப் பணிப்பாளர் ஐயா அவர்களே, அதிபர் அவர்களே, எனக்குப் பொன்னாடை போர்த்திய ஆலய பரிபாலன சபையினரே, முன்வரிசையில் வீற்றிருக்கும் வைத்தியர் ஐயா, தோட்டத்துரை அவர்களே, மழையையும் பாராமல் தேயிலைக் கொழுந்து மலையிலிருந்து நேரே வந்திருக்கும் தாய்மாரே, வணக்கம்.

பூச்சிக்குப் பசித்தால் படிப்பு ஏறுமா என்று பேசச் சொன்னார்கள். கற்றல், நினைவு, தேனீ என மூன்றாகச் சொல்கிறேன்.

பசி வந்தால் பத்தும் பறந்து போகும். அந்தப் பத்தில் மானமும் குலமும்தான் நமக்கு ஞாபகம் வரும். கல்வியும் அறிவுடைமையும் அதில்தான் இருக்கின்றன.

வாழைப்பழத்தில் மொய்க்கும் பழ ஈக்கு ஒரு வாசனையைக் காட்டி மின் அதிர்ச்சி கொடுப்பார்கள். இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பக் கொடுத்தால், மறுநாளும் அந்த வாசனையைக் கண்டு விலகும். இந்த நீண்ட நினைவுக்கு மூளை புதுப் புரதம் செய்ய வேண்டும், சக்தி செலவாகும். 2013இல் பாரிஸ் ஆய்வாளர்கள் 'சயன்ஸ்' சஞ்சிகையில் எழுதினார்கள்: பட்டினி ஈயின் மூளை அந்த வேலையையே நிறுத்திவிடுகிறது. வலிந்து செய்ய வைத்தால் ஈ சீக்கிரம் செத்துப்போகிறது. ஆனால் சீனி கிடைத்த வாசனையைப் பட்டினி ஈ மறப்பதில்லை. பத்தும் பறந்தாலும் சாப்பாட்டு வழி பறக்காது! அதே ஆண்டு ஜப்பானியர், இலேசான பட்டினி நினைவுக்கு உதவுகிறது என்றும் கண்டார்கள். துரை அவர்கள் இதை மட்டும் கேட்காதிருக்கட்டும்.

எங்கள் பக்கத்துத் தோட்டத்துப் பாடசாலையில் நாலாம் வகுப்புப் பையன் ஒருவன். விடியற்காலையிலே அம்மா வேலைக்குப் பெயர் கொடுக்கப் பிரட்டுக்குப் போய்விடுவார். பாட்டி சுட்ட ரொட்டியில் பாதி தங்கச்சிக்கு, மீதி வழியில் நாய்க்கு. நாய் அவனைவிடக் கெட்டிக்காரன். முதல் பாடம் கணக்கு. "ஏழெட்டு எவ்வளவுடா?" என்றால் கூரையைப் பார்ப்பான். இடைவேளையில் கூட்டாளியின் பணிஸில் பாதி தின்றுவிட்டு வந்தால் மளமளவென்று ஒப்பிப்பான். தமிழ்ப் பாடத்தில் டீச்சர் பலகையில் எழுதினார்: பசி வந்தால் ______ பறந்து போகும். இவன் எழுந்து, "ஏழாம் வாய்ப்பாடு, டீச்சர்!" டீச்சர் சிரித்தார், பிறகு தன் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தார்.

ஈ வேறு, பிள்ளை வேறு என்று வைத்தியர் ஐயா தலையசைக்கிறார். ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் முதல் மணிக்கு முன்னே ஒரு கோப்பை இலைக்கஞ்சி போக வேண்டும். இடைவேளை வரை காத்திருக்கக் கூடாது. கொட்டகைக்கு இடம் தரத் துரை இசைந்துவிட்டார், விறகு ஆலய சபையினருடையது. அரிசியும் வல்லாரையும் தேங்காயும் நம் பொறுப்பு.

தேனீக்கு நேரமில்லை, மஸ்கெலியா பஸ் வந்துவிடும். வாசலில் டீச்சர் கொப்பியோடு நிற்கிறார். வாரத்தில் எந்த நாள் உங்களுடையது என்று எழுதிவிட்டு ஏறுங்கள்.