பிளேஸ் தியாஞ்: ஓட்டுப் போட்டவர்கள் வேறு, போருக்குப் போனவர்கள் வேறு

[திரையில்: மேற்கு ஆப்பிரிக்க வரைபடம். டக்கார் நகரம். அதற்கு எதிரே கடலில் ஒரு புள்ளி, கோரே தீவு.]

1914 மே 10. பாரிஸ் நாடாளுமன்றத்துக்கு செனகல் ஒரு உறுப்பினரை அனுப்ப வேண்டும். இரண்டாம் சுற்று வாக்குப்பதிவில் ஜெயித்தவர் பிளேஸ் தியாஞ், சமையற்காரர் ஒருவரின் மகன். ஆப்பிரிக்காவிலிருந்து அந்தச் சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் கறுப்பர் இவர்தான். அதற்கு முன்பு அந்த இடம் வெள்ளையருக்கோ, கலப்பினக் குடும்பத்தாருக்கோதான் போய்க்கொண்டிருந்தது.

இவரை விடுதலை வீரர் என்று கொண்டாடுகிறவர்கள் உண்டு. பிரான்ஸின் கையாள் என்று திட்டுகிறவர்களும் உண்டு. இரண்டு பேச்சுக்கும் ஆதாரம் இருக்கிறது. அது எப்படி என்று பார்க்கலாம்.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடுவோம். செனகல் காலனி நாடு. காலனிக்கு ஏது எம்.பி.?

[திரையில்: கடற்கரையோரம் நான்கு ஊர்கள் ஒவ்வொன்றாக ஒளிர்கின்றன.]

செயின்ட் லூயி, கோரே, ருஃபிஸ்க், டக்கார். இந்த நான்கும் கொம்யூன்கள், அதாவது பிரெஞ்சு முறையில் உள்ளாட்சி நடந்த ஊர்கள். புதுச்சேரிக்காரர்களுக்கு இந்தச் சொல்லை விளக்கத் தேவையில்லை, அங்கே இன்றும் கொம்யூன் பஞ்சாயத்து உண்டு. புதுச்சேரி, காரைக்கால் பகுதிகளும் அன்று அதே பாரிஸ் சபைக்கு ஒரு உறுப்பினரை அனுப்பிக்கொண்டிருந்தன. செனகலில் இந்த ஓட்டுரிமை 1848இல் செயின்ட் லூயி, கோரே ஊர்க்காரர்களோடு தொடங்கியது. 1914இல் நான்கு ஊர்க்காரர்களுக்கும் அது இருந்தது. ஊர் எல்லையைத் தாண்டினால் கதை வேறு. உள்நாட்டில் இருந்த லட்சக்கணக்கானவர்கள் வெறும் 'பிரெஞ்சுப் பிரஜைகள்', அதாவது ஆளப்படுகிறவர்கள், குடிமக்கள் அல்ல. அவர்களுக்கு ஓட்டு கிடையாது. விசாரணையே இல்லாமல் அதிகாரி தண்டிக்கலாம், கட்டாய வேலைக்கு இழுத்துப் போகலாம்.

இந்தக் கோட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் நான்கு ஊர்கள், மறுபக்கம் மீதி எல்லாரும்.

நான்கு ஊர்க்காரர்களின் நிலையும் அத்தனை உறுதியாக இல்லை. அவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். கல்யாணம், சொத்து போன்ற விவகாரங்களில் இஸ்லாமியச் சட்டத்தைப் பின்பற்றினார்கள். அதையே சாக்காக வைத்து, "நீங்கள் வாக்காளர்கள், ஆனால் குடிமக்கள் அல்ல" என்று அதிகாரிகள் வழக்காடத் தொடங்கினார்கள். வாக்காளர் பட்டியலிலிருந்து பெயர்களை அடித்தார்கள்.

இந்த நேரத்தில்தான் தியாஞ் ஊர் திரும்புகிறார்.

1872இல் கோரே தீவில் பிறந்தவர். கிரெஸ்பான் என்ற வசதியான கலப்பினக் குடும்பம் அவரை எடுத்து வளர்த்துப் படிக்கவைத்தது. 'பிளேஸ்' என்பது அவர்கள் கொடுத்த ஞானஸ்நானப் பெயர். அப்புறம் சுங்கத்துறை வேலை: தஹோமே, காங்கோ, ரியூனியன், மடகாஸ்கர், தென்னமெரிக்காவில் பிரெஞ்சு கயானா. போன இடமெல்லாம் மேலதிகாரிகளோடு தகராறு. இருபது வருஷத்துக்கும் மேல் வெளியே இருந்துவிட்டு வந்தவரை எதிராளிகள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அங்கேதான் கோட்டைவிட்டார்கள். டக்காரின் பூர்வகுடிகளான லெபு மக்களுக்கு நிலப் பிரச்சினை. படித்த இளைஞர்களுக்குச் சம்பளப் பாகுபாட்டில் ஆத்திரம். ருஃபிஸ்க்கின் கலாந்து தியூஃப் போன்றவர்கள் ஆள் திரட்டினார்கள். போதாக்குறைக்கு, தேர்தல் சமயத்தில் டக்காரில் பிளேக் பரவியது. குடிசைகளைக் கொளுத்திவிட்டு ஆப்பிரிக்கர்களை மட்டும் புதுக் குடியிருப்புக்கு விரட்டப் பார்த்தது அரசு. இன்றைய மெதினா பகுதி அப்படி உருவானதுதான். வெள்ளை வேட்பாளர்கள் பலர் நின்று ஓட்டைப் பிரித்துக்கொள்ள, இரண்டாம் சுற்றில் கொஞ்சம் ஓட்டு வித்தியாசத்தில் தியாஞ் கரையேறினார்.

ஆகஸ்டில் உலகப்போர் வெடித்தது. சாதாரண உறுப்பினராக இருந்தால் நிவாரணம் கேட்டிருப்பார். தியாஞ் கேட்டது விசித்திரமானது: எங்கள் ஊர் ஆட்களையும் பிரெஞ்சுக்காரர்களைப் போலவே கட்டாய ராணுவத்தில் சேருங்கள்!

[திரையில்: 1915, 1916 ஆண்டுகள் பெரிய எழுத்தில்.]

கணக்குத் தெளிவானது. கட்டாய ராணுவ சேவை குடிமகனின் கடமை. கடமையைக் கொடுத்துவிட்டு குடியுரிமையை எப்படி மறுப்பாய்? 1915 அக்டோபரில் முதல் சட்டம் நிறைவேறியது. 1916 செப்டம்பர் 29இல் இரண்டாவது சட்டம் ஒரே வாக்கியத்தில் விஷயத்தை முடித்தது: நான்கு கொம்யூன்களில் பிறந்தவர்களும் அவர்கள் வழிவந்தவர்களும் பிரெஞ்சுக் குடிமக்கள், அப்படியே நீடிப்பார்கள். மதச் சட்டத்தை விட்டுக்கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனையே இல்லை. என்னைக் கேட்டால், அவர் வாழ்க்கையிலேயே பெரிய சாதனை இதுதான். பதவிக்கு வந்து இரண்டரை வருஷம்கூட ஆகவில்லை.

இனி கோட்டுக்கு மறுபக்கம்.

உள்நாட்டு ஆட்களைப் பிரான்ஸ் ஏற்கெனவே படைக்கு இழுத்துக்கொண்டிருந்தது. 1917 ஏப்ரலில், வட பிரான்ஸில் ஜெர்மானியர்களுக்கு எதிரான ஷெமன் தே தாம் தாக்குதல். பனியும் ஆலங்கட்டியும் கொட்டிய அதிகாலையில், விரல் மரத்துப்போய்த் துப்பாக்கியைப் பிடிக்கவே முடியாத நிலையில் ஆப்பிரிக்க வீரர்கள் மேட்டில் ஏறினார்கள். ஆயிரக்கணக்கில் செத்தார்கள். ஜூன் 29இல் நாடாளுமன்றத்தின் ரகசியக் கூட்டத்தில் எழுந்து, தளபதிகள் இவர்களை வீணாகப் பலி கொடுத்ததாகக் குற்றம் சாட்டியவர் தியாஞ்.

அதே தியாஞ் ஏழு மாதம் கழித்து என்ன செய்தார்?

[திரையில்: 1918, டக்கார் துறைமுகம்.]

பிரதமர் கிளெமான்சோவுக்கு இன்னும் ஆள் வேண்டும். தியாஞ்சைக் குடியரசின் ஆணையர் ஆக்கி, பிரெஞ்சு மேற்கு ஆப்பிரிக்காவை ஆண்ட கவர்னர் ஜெனரலுக்குச் சமமான அதிகாரத்தோடு அனுப்பினார். அப்போது கவர்னர் ஜெனரலாக இருந்த வான் வோலன்ஹோவன், இனி ஆள் எடுத்தால் நாடு தாங்காது என்று சொல்லிக்கொண்டிருந்தவர். 1915, 16இல் வோல்டா பகுதியில் பெரும் கலகம் நடந்திருந்தது. ஆள்பிடிப்புக்குப் பயந்து இளைஞர்கள் எல்லை தாண்டி பிரிட்டிஷாரின் கோல்டு கோஸ்டுக்கு (இன்றைய கானா) ஓடிக்கொண்டிருந்தார்கள். தன் அதிகாரத்தைப் பங்குபோட விரும்பாத வான் வோலன்ஹோவன் ராஜினாமா செய்து போர்முனைக்குப் போனார். அந்த ஜூலையிலேயே இறந்தார்.

தியாஞ் வந்து இறங்கிய காட்சியை நினைத்துப் பாருங்கள். கூடவே சீருடையும் மார்பில் பதக்கமுமாகக் கறுப்பின அதிகாரிகள். வெள்ளை அதிகாரிகள் வரிசையில் நின்று ஒரு கறுப்பருக்கு மரியாதை செலுத்துகிறார்கள். உள்நாட்டுக்காரன் பார்க்கவே பார்க்காத காட்சி அது. வாக்குறுதிகளும் தாராளம்: குடும்பத்துக்கு வரிவிலக்கு, திரும்பியதும் வேலை, பதக்கம் வாங்கினால் குடியுரிமைக்கு வழி, டக்காரில் மருத்துவப் பள்ளி.

மேற்கு ஆப்பிரிக்காவில் மட்டும் சுமார் 63,000 பேர் சேர்ந்தார்கள், அரசு எதிர்பார்த்ததற்கும் மேலே. நவம்பரில் போர் முடிந்துவிட்டதால் பலர் சண்டையைப் பார்க்கவே இல்லை. அது அவர்கள் அதிர்ஷ்டம். குடியுரிமை? விரல்விட்டு எண்ணும்படி சிலருக்கு.

என் பார்வையில் சிக்கலே இங்குதான். 1916இல் உரிமை பெற்றவர்கள் தியாஞ்சுக்கு ஓட்டுப் போட்டவர்கள். 1918இல் கப்பலேறியவர்கள் ஓட்டே இல்லாதவர்கள். அவர்கள் கோபித்துக்கொண்டால் தியாஞ் தேர்தலில் தோற்கப்போவதில்லை.

கொசுறாக ஒரு புதுச்சேரித் தகவல். வான் வோலன்ஹோவன் விட்டுப்போன பொறுப்பை ஏற்று, அந்த ஆள்சேர்ப்புக்குத் துணைநின்றவர் கேப்ரியல் அங்குல்வான். 1924இல் பிரெஞ்சிந்தியாவின் உறுப்பினராக அதே பாரிஸ் சபையில் போய் உட்கார்ந்தவரும் அவரேதான்.

அதன்பின் தியாஞ் மெல்ல மெல்ல அரசின் ஆளானார். 1919இல் அமெரிக்கக் கறுப்பினத் தலைவர் டு பாய்ஸ் பாரிஸில் கூட்டிய பான் ஆப்பிரிக்க மாநாட்டுக்கு அனுமதி வாங்கித் தந்து தலைமையும் ஏற்றார். 1921இல் அதே டு பாய்ஸோடு மோதினார், பிரான்ஸைக் குறைசொல்ல விடமாட்டேன் என்று. டக்காரின் மேயரானார். செனகல் வணிகத்தைக் கையில் வைத்திருந்த பிரான்ஸின் போர்தோ நகர வணிகர்களோடு சமரசம் செய்துகொண்டார். 1924இல் 'லே கொந்தினான்' என்ற கறுப்பினத்தவரின் பத்திரிகை, தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் வாங்கி ஆள்பிடித்தார் என்று எழுதியது. தியாஞ் வழக்குப் போட்டு ஜெயித்தார், பத்திரிகை மூடப்பட்டது. பழைய தோழர் கலாந்து தியூஃபே 1928இல் அவரை எதிர்த்து நின்று தோற்றார். 1931இல் லவால் அமைச்சரவையில் காலனிகளுக்கான துணைச் செயலர் பதவி.

1930இல் ஜெனீவாவில் கட்டாய உழைப்பை ஒழிக்க சர்வதேச உடன்படிக்கை விவாதத்துக்கு வந்தபோது, பிரான்ஸ் தன் தரப்பை வாதாட அனுப்பியது யாரை என்று நினைக்கிறீர்கள்? தியாஞ்சைத்தான். உள்நாட்டு மக்களை சாலைக்கும் ரயில்பாதைக்கும் இழுத்துப்போன அதே முறைக்கு அவர் வக்காலத்து வாங்கினார்.

1934 மே 11இல், உறுப்பினராக இருக்கும்போதே இறந்தார். இன்று டக்காருக்கு விமானத்தில் போனால், 2017இல் திறந்த பிளேஸ் தியாஞ் விமான நிலையத்தில்தான் இறங்குவீர்கள்.

[திரையில்: ஒரு பள்ளிக் கட்டடம். அதன்மேல் 1918, 1925, 1946 என்று மூன்று ஆண்டுகள்.]

1918 வாக்குறுதிகளில் நிறைவேறிய ஒன்று டக்கார் மருத்துவப் பள்ளி. ஐவரி கோஸ்ட்டிலிருந்து வந்த ஃபெலிக்ஸ் உஃபுவே புவாஞி என்ற மாணவர் 1925இல் அங்கே படித்து முடித்தார். இருபது வருஷம் கழித்து அவரும் பாரிஸ் நாடாளுமன்ற உறுப்பினரானார். 1946 ஏப்ரலில் அவர் கொண்டுவந்த சட்டம்தான் பிரெஞ்சுக் காலனிகளில் கட்டாய உழைப்பை ஒழித்தது.