அம்மியும் நகரும்

(கிளிநொச்சியில் நடந்த மகளிர் தினக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, ஆசியுரை வழங்கிய பங்குத்தந்தை அவர்களே, எங்கள் சபையின் போதகர் ஐயா அவர்களே, அழைப்பை ஏற்று வந்து மங்கல விளக்கேற்றிய குருக்கள் ஐயா அவர்களே, பிரதேச செயலகத்தில் இருந்து வந்திருக்கும் உத்தியோகத்தர்களே, கிராம சேவையாளர்களே, மாதர் சங்கத் தலைவிகளே, முழங்காவிலில் இருந்து விடியற்காலை பஸ் ஏறி வந்திருக்கும் தாய்மாரே, எல்லோருக்கும் வணக்கம். மண்டபத்துக்கு வாடகை வேண்டாம் என்று சொல்லி, கதிரைகளையும் தந்துதவிய பங்குத்தந்தைக்கு விசேட நன்றி. வேலைநாளிலும் எங்களை மதித்து வந்த காணிக் கிளை உத்தியோகத்தருக்கும் நன்றி. அவரைப் பார்த்துத்தான் இன்று நான் நிறையப் பேசப்போகிறேன், கோபிக்கக் கூடாது.

மூன்று விடயம் பேசும்படி தலைவர் கேட்டிருக்கிறார்: வரலாறு, விசுவாசம், சமூக நீதி. வரலாற்றில் மிஷன் பள்ளிக்கூடங்களையும் சேர்க்கச் சொன்னார். 1824இல் உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளிக்கூடம் தொடங்கியதைப் பற்றி மட்டுமே ஒரு மணித்தியாலம் பேசலாம். அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் மடு மாதா கோவில். நான் தென்னிந்திய திருச்சபைக்காரி. என்றாலும் வன்னியில் பிறந்தவள் யாராவது மடுவுக்குப் போகாமல் இருந்திருப்பாளா? ஆவணித் திருவிழாவுக்குச் சைவச் சனமும்தான் போகிறது. 1658இல் ஒல்லாந்தர் மன்னாரைப் பிடித்தார்கள், கத்தோலிக்க சமயத்தைத் தடைசெய்தார்கள். மாந்தையில் இருந்த கத்தோலிக்கர் 1670 அளவில் மாதாவின் சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு மருதமடுக் காட்டுக்குள் போனார்கள். துரத்தியவர்கள் சீர்திருத்தச் சபையார், என் சபைக்குச் சொந்தக்காரர் என்றே சொல்லலாம். பங்குத்தந்தை இருக்கிற மேடையில் அதை நான் சொல்லத்தான் வேண்டும். ஒரு கிறிஸ்தவர் இன்னொரு கிறிஸ்தவரைக் காட்டுக்குத் துரத்திய மண் இது. பிறகு 1999 நவம்பரில், தஞ்சம் புகுந்திருந்த சனத்தின் மேல் மடுக் கோவில் வளவுக்குள்ளேயே எறிகணை விழுந்து நாற்பது பேரளவில் செத்தார்கள். 2008 ஏப்ரலில் சண்டை கிட்ட வர, குருமார் சொரூபத்தைத் தேவன்பிட்டிக்குக் கொண்டுபோனார்கள். மாதாவும் எங்களோடு இடம்பெயர்ந்தவதான். பிறகு சொரூபம் மடுவுக்குத் திரும்பியது. அவவிடம் ஒருவரும் காணி பெர்மிட் கேட்கவில்லை. எங்களிடம்தான் கேட்கிறார்கள்.

அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்று எங்கள் அம்மம்மா சொல்லுவா. என்னோடு வேலை செய்கிற பிள்ளைகளுக்கு இது கேட்டுக் கேட்டுப் புளித்திருக்கும். பரவாயில்லை, திரும்பவும் சொல்கிறேன், ஏனென்றால் ஒரு அம்மாவின் கதை சொல்லப்போகிறேன். பெயரும் ஊரும் வேண்டாம்.

அவவின் கணவர் பேரில் ஒன்றரை ஏக்கர் பெர்மிட் காணி, அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்தது. கிணறும் பத்துத் தென்னையும் நின்றன. 2009 கடைசிச் சண்டையில் மாத்தளனில் எறிகணை பட்டுக் கணவர் செத்துப்போனார். பங்கருக்குப் பக்கத்திலேயே தாட்டார்கள். மூத்த மகன் மே மாதம் வட்டுவாகல் பாலம் கடந்தபிறகு இராணுவத்திடம் சரணடைந்தான். கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்க் கொடுத்தது இந்த அம்மாதான். அதற்குப் பிறகு அவனைக் கண்டவர் இல்லை. அவ்வளவு ஓட்டத்திலும் அவ விடாமல் கொண்டுவந்தது ஒரு சொப்பின் பை. அதற்குள் வேதப்புத்தகம், மகனின் சாதாரணதரப் பெறுபேறு, அந்த பெர்மிட். இடம்பெயர்ந்த சனத்தை வைத்திருந்த மெனிக் பாம் முகாமில் மழை வெள்ளம் கூடாரத்துக்குள் வந்தபோது பையைத் தலையில் வைத்துக்கொண்டு இரவு முழுக்க நின்றாவாம். பெர்மிட்டை நான் பார்த்திருக்கிறேன். மடிப்பு மடிப்பாகக் கிழிந்து, பின்பக்கம் சோற்றுப் பசை வைத்துக் கொப்பித் தாள் ஒட்டியிருந்தது.

மீள்குடியேறிய பிறகு பெர்மிட்டைத் தன் பேருக்கு மாற்ற ஒரு அலுவலகத்துக்குப் போனா. பின்னுரித்தில், அதாவது கணவருக்குப் பிறகு காணி யாருக்கு என்று எழுதிய இடத்தில், மகனின் பெயர் இருக்கிறது, மகனைக் கூட்டிக்கொண்டு வாங்கோ என்றார்கள். மகன் இல்லை என்றா. அப்படியென்றால் மரணச் சான்றிதழ் கொண்டுவாங்கோ என்றார்கள். பெற்ற தாய், பிள்ளை செத்துவிட்டான் என்று கையெழுத்து வைப்பாளா? இவ வைக்கவில்லை. அடுத்த கிழமை போனா, அதற்கடுத்த கிழமையும் போனா. காவலாளிக்கே அவவைப் பார்க்கப் பாவமாகிவிட்டது. கடைசியில் ஒருநாள் வெள்ளைச் சீலை உடுத்து, பெரிதாக்கிக் கண்ணாடி போட்ட மகனின் படத்தைக் கொண்டுபோய் மேசையில் நிமிர்த்தி வைத்தா. "மகனைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னீங்கள். கூட்டிக்கொண்டு வந்திருக்கிறன். இனி நீங்களே அவனிட்டக் கேளுங்கோ" என்றா. அந்த அறையில் ஒருவரும் வாய் திறக்கவில்லையாம். உள்ளே இருந்த பெரியவர் எழும்பி வந்து, கதிரை போட்டு இருத்தி, அவவின் விண்ணப்பக் கோவையை எடுக்கச் சொன்னார். கோவை நகர்ந்தது! அம்மி நகர்ந்தது!

(கைதட்டல்)

கைதட்டினது அந்த அம்மாவுக்கு. ஆனால் அவ கேட்டது யாருடைய தயவையும் அல்ல. பெர்மிட்காரர் இறந்தால், பின்னுரித்தில் யாருடைய பெயர் இருந்தாலும், மனைவி தன் சீவியகாலம் முழுக்க அந்தக் காணியை அனுபவிக்கலாம் என்று காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்திலேயே இருக்கிறது. அது 1935ஆம் ஆண்டுச் சட்டம். பின்னுரித்து எழுதாமல் ஒருவர் செத்தால் பிள்ளைகளுக்குள் மகனுக்குத்தான் முதலிடம், மகளுக்குப் பிறகு என்றும் அதே சட்டம் சொன்னது. அந்தப் பாகுபாட்டை எடுக்க 2022 வரை சென்றது. எண்பது வருடத்துக்கு மேல்!

விசுவாசத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். எண்ணாகமம் 27ஆம் அதிகாரத்தை வீட்டில் போய் வாசியுங்கள். செலொப்பியாத்துக்கு ஆண்பிள்ளை இல்லை. அவனுடைய ஐந்து பெண்களும் மோசேக்கும் ஆசாரியனுக்கும் சபையார் எல்லோருக்கும் முன்னால் வந்து நின்று, அப்பாவின் காணியை எங்களுக்குத் தாருங்கள் என்று கேட்டார்கள். அவர்கள் கேட்பது சரி என்று கர்த்தரே சொன்னார். மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள். பிரசங்கபீடத்தில் இந்தப் பெயர்களை நான் ஒருநாளும் கேட்டதில்லை. போதகர் ஐயா, ஒரு ஞாயிறு தாருங்கள், நானே பிரசங்கிக்கிறேன். லூக்கா 18இல் அநீதியுள்ள நியாயாதிபதியிடம் போய்ப் போய்க் கேட்ட விதவையும் எங்கள் ஆள்தான். அடிமேல் அடி.

முழங்காவில் தாய்மாருக்கு இதை நான் படிப்பிக்கத் தேவையில்லை. 1992இல் இரணைதீவில் இருந்து எழுப்பப்பட்ட சனம் முழங்காவில் இரணைமாதாநகரில் கால்நூற்றாண்டு காத்திருந்தது. 2017இல் தீவைத் திருப்பிக் கேட்டுப் பெண்கள் ரோட்டில் குந்தினார்கள். கேட்டு முடியாமல் 2018 ஏப்ரலில் வள்ளங்களில் ஏறிப் போய்த் தங்கள் தீவில் தாங்களே இறங்கினார்கள். 1977, 1983 வன்செயல்களில் மலையகத்தில் இருந்து துரத்தப்பட்டு இங்கே காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்களிலும் இன்னும் கையில் ஒரு கடதாசியும் இல்லாமல் இருப்பவர்களை எனக்குத் தெரியும். காணிப் பிரச்சினை என்று மேடையில் பேசுகிற எங்கள் அரசியல்வாதிகள் அவர்களை ஏன் மறக்கிறார்கள்?

காணாமல் ஆக்கப்பட்டோரைப் பற்றிப் பேச நினைத்தேன். மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு ஆண்டகை 2011இல் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன்னால் போய், 146,679 பேருக்கு என்ன நடந்தது என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு இன்றுவரை பதில் இல்லை. தலைவர் மணியைக் காட்டுகிறார். உடுவிலுக்கும் நேரமில்லை.

உத்தியோகத்தர் அவர்களே, எங்கள் கோரிக்கை இரண்டு. பிள்ளை காணாமல் ஆக்கப்பட்ட தாயிடம் மரணச் சான்றிதழ் கேட்காதீர்கள். காணி விண்ணப்பங்களை விசாரிக்கிற அடுத்த காணிக் கச்சேரியில் கணவன் இல்லாத பெண்களின் கோவைகளை முதலில் எடுங்கள். தாய்மாரே, வாசலில் மாதர் சங்கப் பிள்ளைகள் மேசை போட்டு இருக்கிறார்கள். தேத்தண்ணி குடிக்க முதல் அங்கே போய், பெயர், பெர்மிட் இலக்கம், பின்னுரித்தில் இருப்பவரின் பெயர் மூன்றையும் சொல்லிப் பதியுங்கள். பெர்மிட் துலைந்தவர்கள் கிராம சேவையாளர் பிரிவை மட்டும் சொன்னால் போதும், மிச்சத்தை நாங்கள் தேடுகிறோம். வணக்கம்.